ஃபோர்க்லிஃப்ட் வைத்தியர்கள்

ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. இப்பவும் ஆணி ஒண்ணும் குறையலை. ஆனா ஒரு விஷயம் மண்டைக்குள்ள குடைஞ்சுகிட்டே இருக்கு. எழுதி வச்சுட்டா கொஞ்சம் தூக்கம் வரும்னு தோணுது. நீளமான பதிவு, இப்பவே சொல்லிட்டேன். டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டு உக்காருங்க.

விஷயம் இதுதான். ஃபோர்க்லிஃப்ட் ரிப்பேர் பாக்குற மெக்கானிக்குக்கு என்ன சம்பளம் குடுக்காங்க? அவன் எந்த நிலைமையில வேலை பாக்கான்? அது அவனுக்கு மட்டும் உள்ள பிரச்சினையா, இல்ல எல்லாருக்குமா?

"ஏலே, நீ ஏசி ரூம்ல பொட்டி தட்டுறவன், ஒனக்கு எதுக்குலே இந்த ஆராய்ச்சி?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். நமக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். (ஊர் பேரைச் சொன்னாலே 2020 ஜூன்ல நடந்ததைப் பத்திதான் எல்லாரும் கேக்காங்க. அது இன்னும் ஆறாத ரணம். அதைப் பத்தி இன்னொரு நாள்.) எங்க ஊர்ப் பக்கம் மழையை நம்பி உக்கார முடியாது. தாத்தா காலத்துல பனை ஏறினாங்க. அப்பா காலத்துல சென்னைக்கும் மும்பைக்கும் மளிகைக் கடைக்குப் போனாங்க. எங்க காலத்துல ஒண்ணு பொட்டி தட்டுறோம், இல்லைன்னா தூத்துக்குடி துறைமுகம், இல்லைன்னா வளைகுடா. இதுல ரெண்டாவது வகை எங்க பெரியப்பா மகன். எனக்கு எட்டு வயசு மூத்தவர். பதினொரு வருஷமா ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக். இந்தப் பதிவு முழுக்க 'அண்ணன்'னு வர்றது இவர்தான்.

இப்ப என்ன திடீர்னு? சித்தி பையன் பிளஸ் டூ முடிச்சிருக்கான். "ண்ணே, பெரியண்ணன் மாதிரி ஐ.டி.ஐ. சேரட்டா, உங்கள மாதிரி இஞ்சினியரிங் சேரட்டா?"ன்னு கேட்டான். சித்தி என்னைப் பாக்குறாவ, நான் அண்ணனைப் பாக்கேன், அண்ணன் மோட்டு வளையைப் பாக்காரு. சட்டுனு பதில் சொல்ற கேள்வி இல்லை அது. அதுக்குப் பதில் தேடிப் போனதுலதான் இம்புட்டும் தெரிய வந்துச்சு.

முதல்ல வண்டியைப் பாப்போம்.

ஃபோர்க்லிஃப்ட்னா முன்னாடி ரெண்டு இரும்புக் கொம்பு நீட்டிக்கிட்டு, பின்னாடி தடிமனா ஒரு இரும்புக் கட்டியோட சுத்துமே, அந்த வண்டி. குடோன், துறைமுகம், கம்பெனி எல்லா இடத்துலயும் இருக்கும். சுருக்கமாச் சொன்னா அது ஒரு ஏத்தப் பலகை. முன்சக்கரம்தான் நடு அச்சு. ஒரு பக்கம் சரக்கு, மறு பக்கம் அந்த இரும்புக் கட்டி. மூணு டன் தூக்குற வண்டியோட சொந்த எடையே நாலு டன்னுக்கு மேல வரும். அந்த மூணு டன்கூட, சரக்கோட கனம் கொம்போட அடியில இருந்து அரை மீட்டர் தள்ளி இருந்தாதான். அதுக்கு மேல நீளமான சரக்கை வச்சா தூக்குற சக்தி குறைஞ்சிடும். கணக்கு தப்பினா பின்சக்கரம் அந்தரத்துல நிக்கும். பின்சக்கரத்துலதான் ஸ்டியரிங்கே இருக்கு, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

சரக்கு மேல ஏறுறது ஹைட்ராலிக் எண்ணெயோட அழுத்தத்துல. நம்ம கார் டயர்ல இருக்கிற காத்தழுத்தம் ரெண்டு பார் சொச்சம். இந்த ஹோஸுக்குள்ள எண்ணெய் 150, 200 பார்ல ஓடும். சிலிண்டர் தள்ளும், அதுல மாட்டின தட்டைச் சங்கிலி ஃபோர்க்கை இழுத்துக்கிட்டு மேல போகும். அந்தச் சங்கிலி நாளாவட்டத்துல நீளும். நூத்துக்கு மூணு பங்கு நீண்டிருந்தா மாத்திடணும். அந்தக் கொம்பு தரையில உரசி உரசித் தேயும். பத்துல ஒரு பங்கு தேய்ஞ்சா தூக்குற பலத்துல சுமார் அஞ்சுல ஒரு பங்கு போச்சு, தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டணும்.

இதை எல்லாம் யாரு அளந்து பாக்கிறது? அண்ணன்தான். கையில ஒரு காலிப்பர், ஒரு டேப், ஒரு டார்ச். அவர் "வண்டி ஓடலாம்"னு சொன்னா மூணு டன் சரக்கு இன்னொருத்தன் தலைக்கு மேல ஏறும். இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, கடைசியில வேணும்.

அடுத்து வேலையோட லட்சணம்.

கார் மெக்கானிக்குன்னா வண்டி ஷெட்டுக்கு வரும். ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக்குன்னா இவர்தான் வண்டி நிக்கிற இடத்துக்குப் போகணும். மீன் ஏத்துமதிக் குளிர்கிடங்கு, உப்புக் குடோன், கன்டெய்னர் யார்டு, நூல் மில்லு, தீப்பெட்டி அட்டைக் கம்பெனின்னு ஒரே வாரத்துல எல்லாம் பாத்துடுவாரு. காலையில மைனஸ் பதினெட்டு டிகிரியில விரல் மரத்துப் போகும், மத்தியானம் கன்டெய்னர் யார்டு வெயில்ல முதுகு வெந்துபோகும். தூத்துக்குடி உப்புக் காத்துல போல்ட் நட்டு எல்லாம் துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். பத்து நிமிஷ வேலைன்னு சர்வீஸ் புக்குல போட்டிருக்கிறது இங்க ஒண்ணரை மணி நேரம் எடுக்கும்.

ஆபத்துன்னு பாத்தா நாலு.

ஒண்ணு, தூக்கி நிறுத்தின மாஸ்ட்டுக்குக் கீழ வேலை. கட்டை குடுத்து, சங்கிலி போட்டுக் கட்டிட்டுதான் கையை உள்ள விடணும். அவசரத்துல அதை விட்டுட்டா, ஒரு ஹோஸ் பிடுங்கிக்கிட்டா முடிஞ்சது கதை.

ரெண்டு, அந்த ஹைட்ராலிக் எண்ணெய். ஊசி முனை அளவு ஓட்டையில இருந்து பீச்சினா தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளிய பாத்தா எறும்பு கடிச்ச மாதிரி ஒரு புள்ளி. வலிகூட உடனே இருக்காது. ஆனா அது ஆபரேஷன் கேசு. சில மணி நேரம் தாமதம் ஆனா விரல், சமயத்துல கையே போகும். "லீக் எங்கன்னு விரலால தடவிப் பாக்காத, அட்டையை வச்சுப் பாரு"ங்கிறதுதான் அண்ணன் புதுப் பையன்களுக்குச் சொல்ற முதல் பாடம்.

மூணு, பேட்டரி. பேட்டரி வண்டியில இருக்கிற ஈயப் பேட்டரி ஒரு டன்னுக்கு மேல இருக்கும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காத்துல நூத்துக்கு நாலு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். உள்ள இருக்கிறது கந்தக அமிலம். அண்ணன் சட்டை எல்லாம் பொத்தல் பொத்தலா இருக்கும். மதினி அதை "எங்க வீட்டு அம்மை போட்ட சட்டை"ம்பாவ.

நாலு, ரெண்டு துண்டா இருக்கிற ரிம்மு. காத்தைப் பிடுங்காம நட்டைக் கழட்டினா ரிம் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும்.

இதெல்லாம் எங்க தாத்தா காலத்துப் பனையேற்றம் மாதிரியே இருக்குன்னு எனக்குத் தோணும். ரெண்டு வேலையிலயும் கை நுட்பம் வேணும், ரெண்டுலயும் கால் ஒரு தடவை தப்பினா போதும். உடன்குடிக் கருப்பட்டியோட மவுசு எல்லாருக்கும் தெரியும், அதுக்குப் பதநீர் இறக்கினவன் பேரு யாருக்குத் தெரியும்?

சரி, சம்பளத்துக்கு வருவோம். நீங்க காத்துக்கிட்டு இருந்த பகுதி :-)

இந்தத் தொழில்ல மூணு படி இருக்கு. மேல்படி, வண்டி செய்யுற கம்பெனியோட நேரடி ஆளு. நடுப்படி, அந்தக் கம்பெனிக்கு ஊருக்கு ஊரு இருக்கிற டீலரோட ஆளு. கீழ்ப்படி, குடோன்லயோ யார்டுலயோ லேபர் கான்ட்ராக்டர் மூலமா நிக்கிற ஆளு. மூணு பேரும் ஒரே வண்டிக்கு ஒரே ஸ்பேனரைப் பிடிப்பாங்க. சமயத்துல மூணு பேரும் ஒரே வண்டிக்கு அடியில படுத்துக் கிடப்பாங்க. சம்பளம் மட்டும் படிக்குப் படி இறங்கும். இன்சூரன்சு, லீவு, பாதுகாப்பு ஷூ எல்லாமே அப்படித்தான்.

அண்ணன் இப்ப நடுப்படியில இருக்காரு. (எந்த டீலர்னு சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. அவருக்கு நாளைக்கும் வேலை வேணும்.) டீசல் மெக்கானிக் ஐ.டி.ஐ., அது ஒரு வருஷப் படிப்பு. அப்புறம் அப்ரண்டிஸ், மூணு வருஷம் கீழ்ப்படி, இப்ப இது. மாசம் 19,500. இருபத்தாறு நாள்னு வகுத்தா ஒரு நாளைக்கு 750.

போன மாசம் ஒரு குளிர்கிடங்குல அண்ணன் போய் வந்த வேலைக்கு டீலர் போட்ட பில்லை நானே பாத்தேன். உதிரி பாகம் தனி. 'சர்வீஸ் விசிட்'டுக்கு மட்டும் 2,500 ரூபாய். அன்னைக்கு அண்ணன் அது மாதிரி மூணு விசிட் போயிருந்தாரு. நம்ம ஆளுங்களுக்கு இது புதுசா என்ன? கிளையன்ட்டுக்கு டாலர்ல பில்லு, நமக்கு ரூபாயில சம்பளம், நடுவுல என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. வித்தியாசம் என்னன்னா, நமக்கு அந்த இடைவெளியிலயும் ஈ.எம்.ஐ. கட்ட முடியுது.

ஒப்பிட்டுப் பாக்க ஒரு எண் சொல்றேன். மத்திய அரசு 2024 அக்டோபர் 1-லிருந்து தன் வரம்புல வர்ற கட்டுமானம், சுமை ஏத்தி இறக்குறது மாதிரியான வேலைகளுக்குக் குறைந்தபட்சக் கூலியை ஏத்துச்சு. பெருநகரங்கள் வர்ற ஏ பகுதியில திறமையில்லாத் தொழிலாளிக்கு நாளுக்கு 783 ரூபாய், திறமையுள்ள தொழிலாளிக்கு 954, உயர்திறன் தொழிலாளிக்கு 1,035. சின்ன ஊர்களுக்கு இதைவிடக் குறைவு, ஒத்துக்கிறேன். அண்ணன் மாதிரி தனியார் டீலர்கிட்ட இருக்கிறவருக்கு இந்த உத்தரவு நேரடியா பொருந்தாது, அதையும் ஒத்துக்கிறேன். ஆனாலும் பதினொரு வருஷ அனுபவம் உள்ள ஒரு மெக்கானிக்கோட நாள்கூலி, அரசு ஒரு திறமையில்லா வேலைக்குக் கீழ்மட்டம்னு கோடு போட்ட தொகைக்கும் கீழ நிக்குதேன்னு மனசு கேக்குது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஓவர்டைம்ல.

1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் 59-வது பிரிவுல தெளிவாச் சொல்லுச்சு. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், இல்ல வாரத்துக்கு 48 மணி நேரம் தாண்டினா இரட்டைக் கூலி. 2025 நவம்பர் 21-லிருந்து பழைய சட்டங்களுக்குப் பதிலா நாலு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துச்சு. அதுலயும் இந்த இரட்டைக் கூலி அப்படியே இருக்கு. அண்ணனுக்கு மாசத்துல சராசரியா நாப்பது மணி நேரம் கூடுதலா விழும். ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும். "கப்பல் நிக்குது, வண்டி தூக்க மாட்டேங்குது, வாங்கண்ணே." 19,500-ஐ 208 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 93 ரூபாய் 75 காசு. இரட்டிச்சா 187.50. நாப்பது மணி நேரத்துக்கு 7,500. அவருக்குக் கிடைக்கிறது 'படி'ன்னு ஒரு 1,500. மாசம் ஆறாயிரம், வருஷத்துக்கு 72,000 காத்துல போகுது.

ஏன் குடுக்கலை? இங்கதான் ஒரு தந்திரம். அண்ணனோட அடையாள அட்டையில 'சர்வீஸ் இஞ்சினியர்'னு போட்டிருக்கு. மெக்கானிக்குன்னு இல்லை. "நீங்க ஸ்டாஃப் சார், ஸ்டாஃபுக்கு ஏது ஓட்டி?" நானும் இஞ்சினியர்தான், எனக்கும் ஓட்டி கிடையாதுன்னு சிரிச்சுக்கலாம். ஆனா சட்டம் பட்டத்தைப் பாக்கிறது இல்லை, செய்யுற வேலையைப் பாக்கும். கையால செய்யுற வேலை, தொழில்நுட்ப வேலை எல்லாமே தொழிலாளி வேலைதான். நாலு பேரை மேய்க்கிற மேற்பார்வையாளரா இருந்து, மாசம் 18,000-க்கு மேல வாங்கினாதான் அந்த வரையறையில இருந்து வெளிய போவாங்க. அண்ணன் மேய்க்கிறது ரெண்டு ஸ்பேனர் பையை மட்டும்தான். இஞ்சினியர்ங்கிற பட்டம் அவருக்கு மரியாதைக்காக வந்ததுன்னு வீட்ல எல்லாருக்கும் பெருமை. அந்தப் பெருமைக்கு வருஷம் 72,000 ரூபாய் விலை.

கீழ்ப்படியில இருக்கிறவங்க கதை இன்னும் மோசம். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கான்ட்ராக்டர் பேரு மாறும். போர்டு மாறும், சட்டை நிறம் மாறும், ஆளும் வண்டியும் அதே. ஆனா சர்வீஸ் மறுபடி பூஜ்யத்துல இருந்து. அஞ்சு வருஷம் ஒரே இடத்துல ஆனாதான் கிராஜுவிட்டிங்கிற கணக்கு இவங்களுக்குக் கடைசி வரை வராது. (புதுத் தொகுப்புல குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியா எடுக்கிற ஆளுக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டி உண்டு. கான்ட்ராக்டர் ஆளுக்கு அந்தச் சலுகையைப் போய்ச் சேர்க்கிறது எப்படிங்கிறதுதான் கேள்வி.) 1970-ல ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. அதோட விதிகள்ல, நிரந்தரத் தொழிலாளி செய்யுற அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செஞ்சா அதே கூலின்னு இருந்துச்சு. நிலைச்சு இருக்கிற வேலைக்கு ஒப்பந்த முறையை அரசு தடை செய்யலாம்னும் இருந்துச்சு. ஆனா தடை வந்தா அந்த ஆளுங்க தானா நிரந்தரம் ஆவாங்களா? 2001 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் 'ஆக மாட்டாங்க'ன்னு சொல்லிடுச்சு. ஸ்டீல் அத்தாரிட்டி ஆஃப் இந்தியாவுக்கும் நேஷனல் யூனியன் வாட்டர்ஃபிரன்ட் ஒர்க்கர்ஸுக்கும் நடந்த வழக்கு அது. அதுக்கப்புறம் ஒப்பந்தத் தொழிலாளி வழக்குப் போடணும்னாலே ரெண்டு தடவை யோசிக்கிறான்.

இதுக்கு நடுவுல 2023 ஏப்ரல்ல தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துல பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி விடுற திருத்தம் நிறைவேறினது ஞாபகம் இருக்கா? தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால மே தினத்தன்னைக்கு அதைத் திரும்பப் பெறுறதா முதல்வர் அறிவிச்சாரு. அண்ணன் அந்தச் செய்தியைப் பாத்துட்டு, "நமக்கு இது ஏற்கெனவே அமல்லதான்டே இருக்கு"ன்னாரு. அம்புட்டுதான் கமென்ட்.

அப்ப வளைகுடா போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. போன வருஷம் அண்ணனுக்கு துபாய்ப் பக்கம் ஒரு வாய்ப்பு வந்துச்சு. 1,800 திர்ஹாம், தங்குற இடம் இலவசம். நம்ம காசுக்கு நாப்பதாயிரத்துச் சொச்சம். அங்க ஒரு நல்ல விஷயம், ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூணு மணி வரைக்கும் திறந்த வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம். தூத்துக்குடி யார்டுல அப்படி ஒண்ணும் கிடையாது. ஆனா ஏஜென்ட் கேட்டது ஒண்ணே கால் லட்சம். நம்ம வெளியுறவு அமைச்சகக் கணக்குப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் வாங்கலாம்கிறது 30,000 ரூபாயும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும், ஆகமொத்தம் 35,400. ரசீது குடுப்பீங்களான்னு நான் போன்ல கேட்டதும் அந்த ஏஜென்ட் லைன்ல இருந்து காணாமப் போயிட்டாரு.

அண்ணன் கடைசியில போகலை. ஏஜென்ட்டுக்காக இல்லை. பெரியப்பாவுக்கு டயாலிசிஸ், வாரம் ரெண்டு தடவை கூட்டிட்டுப் போகணும். இந்த மாதிரி ஆளுங்க ஊரை விட்டுப் போக முடியாதுங்கிறது சம்பளம் குடுக்கிறவங்களுக்கும் தெரியும். அந்தத் தெரிஞ்ச விஷயம்தான் சம்பளமா வருது.

அமெரிக்காவுல இதே மாதிரி கனரக இயந்திர மெக்கானிக்குக்கு வருஷத்துக்கு அறுபதாயிரம் டாலர் பக்கம் வருதுன்னு அங்குள்ள அரசுப் புள்ளிவிவரம் சொல்லுது. அங்கயும் சொர்க்கம்னு சொல்ல வரலை. ஸ்பேனர், சாக்கெட், டூல் பெட்டின்னு பெரும்பாலும் சொந்தக் காசுல வாங்கணும், அதுக்கே கடன் வாங்குறாங்க. ஆனா மணிக்கு இவ்வளவுன்னு கணக்கு உண்டு, அந்த மணிக்குக் காசும் உண்டு.

இப்ப ஆரம்பத்துல ஞாபகம் வச்சுக்கச் சொன்ன வரிக்கு வரேன்.

நாலு மாசத்துக்கு முந்தி ஒரு ராத்திரி அண்ணன் வாட்ஸப்ல ஒரு ஃபோட்டோ அனுப்பினாரு. பேட்டரி வண்டியோட டிஸ்பிளேயில ஒரு எர்ரர் கோடு. வண்டி நகரவும் இல்லை, தூக்கவும் இல்லை. இப்ப வர்ற வண்டிகள்ல எல்லாம் கன்ட்ரோலர், சென்சார், உள்ள ஒரு நெட்வொர்க்குன்னு நம்ம ஏரியாதான் ஓடுது. அதுக்கான கண்டறியும் மென்பொருள் கம்பெனிக்காரங்க டாங்கிள்ல பூட்டி வச்சிருக்காங்க, டீலருக்கு மொத்தமே ஒண்ணு. அது அன்னைக்கு மதுரையில. நான் இங்க இருந்து மேனுவலைத் தேடிப் பாத்து, இது சீட் சுவிட்ச் சிக்னல் வரலைங்கிற மாதிரி இருக்குண்ணேன்னேன். ஓட்டுறவன் சீட்ல உக்காந்தாதான் வண்டி இயங்கணும்கிறதுக்காக வச்ச சுவிட்ச். அண்ணன் மல்டிமீட்டரை வச்சு பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டாரு, சீட்டுக்கு அடியில சுவிட்சே செத்துப் போயிருந்துச்சு. நம்ம பிழை திருத்தத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. லாகைப் பாரு, சந்தேகத்தைச் சுருக்கு, ஒவ்வொண்ணா விலக்கு.

புது சுவிட்ச் மறுநாள்தான் வரும். அங்க நின்ன சூப்பர்வைசர், "ரெண்டு வயரையும் முறுக்கி விட்டுட்டுப் போங்க, காலையில பாத்துக்கலாம்"னாரு. முறுக்கினா வண்டி ஓடும். ஆளு சீட்ல இல்லைன்னாலும் ஓடும், தூக்கும். மாஸ்ட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒருத்தன் கையை விட்டிருக்கும்போது லிவர்ல யார் முட்டி பட்டாலும் அது பாட்டுக்கு இறங்கும். அண்ணன் முடியாதுன்னுட்டாரு. 'வண்டி ஓட்டக் கூடாது'ன்னு அட்டையில எழுதித் தொங்க விட்டுட்டு, சாவியைக் கையெழுத்து வாங்கிக்கிட்டு ஒப்படைச்சுட்டு வந்துட்டாரு. மறுநாள் டீலர் ஆபீஸ்ல பாட்டு. அந்த மாசம் ஊக்கத்தொகை கட்.

நான் கேட்டேன், "நீங்க கீழ்ப்படியில கான்ட்ராக்டர் ஆளா இருந்தா என்னண்ணே செஞ்சிருப்பீங்க?"

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "வயரை முறுக்கிட்டு, விடிய விடிய முழிச்சுக்கிட்டுக் கிடந்திருப்பேன்"னாரு.

இதுதான் மக்கா நான் சொல்ல வந்தது. மெக்கானிக் சம்பளம்கிறது மெக்கானிக் வீட்டு அரிசி பருப்பு விஷயம் மட்டும் இல்லை. 'இந்த வண்டி ஓடக் கூடாது'ன்னு சொல்ற தைரியத்தோட விலையும் அதுக்குள்ள இருக்கு. நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியாதவன் வாயில இருந்து 'முடியாது'ங்கிற வார்த்தை வராது. அவன் முடியாதுன்னு சொல்லாத இடத்துல, மூணு டன்னுக்குக் கீழ நிக்கிறது வேற யாரோ ஒருத்தன். சம்பளத்தைக் குறைச்சு, ஆளை நிரந்தரமில்லாம வச்சு, கம்பெனி மிச்சம் பிடிக்கிற காசு எங்கயும் மாயமாப் போறதில்லை. அது ஆபத்தா மாறி அந்த வண்டியை ஓட்டுறவன், அதுக்குப் பக்கத்துல நடக்கிறவன் கணக்குல ஏறுது.

1908 பிப்ரவரி 27-ம் தேதி இதே தூத்துக்குடியில கோரல் மில் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணினாங்க. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்னாங்க. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, வார விடுமுறை கேட்டாங்க. ஒன்பது நாள்ல நிர்வாகம் இறங்கி வந்துச்சு. இன்னைக்குத் துறைமுகத்துக்கே வ.உ.சி. பேருதான், 2011-லிருந்து. ஆனா வண்டி சும்மா நிக்கிறது ஞாயித்துக்கிழமைதான்னு அண்ணனுக்கு சர்வீஸ் எல்லாம் ஞாயித்துக்கிழமைதான் போடுறாங்க. மாத்து லீவு? அடுத்த வாரம் பாப்போம்ப்பா.

எதிர்காலம் எப்படின்னா, வேலை குறையப் போறதில்லை. ஆன்லைன்ல நாம அமுக்குற ஒவ்வொரு ஆர்டரும் ஏதோ ஒரு குடோன்ல ஒரு ஃபோர்க்லிஃப்டைத் தாண்டித்தான் வருது. தூத்துக்குடி சிப்காட்டுல 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்துச்சு. டீசல் வண்டி போய் பேட்டரி வண்டி வருது, ஈயப் பேட்டரி போய் லித்தியம் வருது. ஸ்பேனரும் தெரிஞ்சு, மல்டிமீட்டரும் தெரிஞ்சு, எர்ரர் கோடும் படிக்கத் தெரிஞ்ச ஆளு எங்க போனாலும் தேவை. தேவை இருந்தும் சம்பளம் ஏறாததுக்குக் காரணம், இந்த மெக்கானிக்குங்க ஒரே கூரைக்குக் கீழ இல்லை. ஆளுக்கு ஒரு பைக்கு, ஆளுக்கு ஒரு ஊரு. பக்கத்து டீலர்கிட்ட என்ன குடுக்காங்கன்னுகூட ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. மில்லுல ஆயிரம் பேர் ஒரே வாசல்ல நுழைஞ்சாங்க, அதனால ஒரே வாசல்ல நிக்கவும் முடிஞ்சுது.

சித்தி பையனுக்கு நான் சொன்னது இதுதான். "தம்பி, தொழில் நல்ல தொழில். மூளைக்கும் வேலை, கைக்கும் வேலை. ஐ.டி.ஐ. சேருறதுன்னா டீசல் மெக்கானிக் மட்டும் போதாது, எலக்ட்ரீஷியன் இல்லைன்னா எலக்ட்ரானிக்ஸ் பக்கமும் கை வை. இல்ல, டிப்ளமோ மெக்கட்ரானிக்ஸ் பாரு. நாலு வருஷம் லட்சக்கணக்குல கடன் வாங்கி, ஏதோ ஒரு காலேஜ்ல இஞ்சினியரிங் படிச்சு, 'சர்வீஸ் இஞ்சினியர்'னு ஒரு அட்டைக்கு வந்து நிக்கிறதைவிட இது மேல்." அப்புறம், வேலைக்குச் சேரும் முன்னாடி கேக்க வேண்டியதுன்னு அண்ணன் சொல்லச் சொல்ல ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தேன்:

யார் பேருல ஆர்டர், கம்பெனியா, டீலரா, கான்ட்ராக்டரா? அட்டையில என்ன பதவி போடுவீங்க? ஓட்டி எப்படிக் கணக்கு, யாரு கையெழுத்து? ராத்திரிக் கூப்பிட்டா வண்டிச் செலவு யாரு? ஷூ, கண்ணாடி, கையுறை யாரு தருவா? பி.எஃப். நம்பர் என்ன? ஆபத்தான வண்டியை நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரம் உண்டா?

பையன் கடைசிக் கேள்வியை ரெண்டு தடவை படிச்சான். "இதைக் கேட்டா வேலை குடுப்பாங்களாண்ணே?"

அண்ணன்தான் பதில் சொன்னாரு. "குடுக்கிற எடத்துல சேருடே."

பக்கத்துல உக்காந்து கருப்பட்டிக் காபி ஆத்திக்கிட்டு இருந்த சித்தி, "அப்படி எடம் எங்கய்யா இருக்கு?"ன்னாவ. அதுக்கு எங்க யார்கிட்டயும் பதில் இல்லை. உங்க யாருக்காவது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. நிஜமாவே கேக்கேன்.